ஹர்த்தால் நாளும் உபவாச நாளும்

வேதபகுதி: ஏசாயா 58:1–8



பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து குடியிருக்கிற நமக்கு 'ஹர்த்தால்' என்ற சொல்லை யாரும் விளக்கவேண்டியதில்லை. விடிந்தால் சாலை பஜார் பூட்டிக் கிடக்கும். நாகர்கோவிலிலிருந்து வரும் பேருந்துகள் களியக்காவிளையோடு நின்றுவிடும். புற்றுநோய் சிகிச்சைக்காக வந்தவர்கள் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, வாகனமின்றித் தவிப்பார்கள். இவற்றை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

இச்சொல் குஜராத்தி மொழியிலிருந்து வந்தது. 'ஹாட்' என்றால் கடை. 'தாள்' என்றால் பூட்டு. நம் தமிழில் 'கடையடைப்பு' என்கிறோமே, அதுவே இதன் நேர்ப்பொருள். 1919-ஆம் ஆண்டு ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் தேசம் முழுவதையும் ஹர்த்தாலுக்கு அழைத்தார். அந்த எண்ணம் அவருக்குச் சென்னையில், ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோது உதித்தது. ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை அதற்குக் குறிக்கப்பட்டது. அவர் கேட்டது என்ன தெரியுமா? 24 மணி நேர உபவாசமும் ஜெபமும்! ஞாயிறன்றும் வேலைக்குப் போகவேண்டியவர்கள், முன்கூட்டியே அனுமதி பெற்ற பின்னரே வேலையை நிறுத்தவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பிறருடைய கடையைப் பலவந்தமாய் அடைப்பதல்ல, தன்னைத்தான் ஒடுக்குவதே அதன் ஆரம்பப் பொருள். ஆயினும் சில நாட்களுக்குள் பல இடங்களில் கலகம் மூண்டது. ஏப்ரல் 18-இல் அவரே போராட்டத்தை நிறுத்தி, தாம் கணித்தது தவறு என்று அறிக்கையிட்டார்.

நம் கேரளத்தில் நடந்ததையும் பாருங்கள். 1997 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் 'பந்த்' சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அவ்வருடம் நவம்பரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பந்த் ஒழிந்ததா? 'ஹர்த்தால்' என்று பெயர் மாறி வந்தது. 2019 ஜனவரியில், ஹர்த்தாலுக்கு 7 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று அதே உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயர் மாறினால் போதாது, சுபாவம் மாறவேண்டும். மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கிற நமக்கு இது நன்றாய்த் தெரியும்.

வாசகரே, இனி என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஹர்த்தால் நாளில் சபையாருக்கு உபவாச ஜெபம் அறிவித்தேன். யாருக்கும் வேலையில்லை, எல்லாரும் நடந்தே வந்துவிடலாம். நாள் வீணாகாது என்று எண்ணினேன். கூட்டம் நிரம்பியிருந்தது. அபிஷேகத்தோடு ஆராதித்தோம். முடிந்தபின், சித்தாள் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு விதவைச் சகோதரி என்னிடம் வந்தார்கள். "ஐயா, வேலையில்லாத நாளில் எங்க வீட்டில எப்படியும் உபவாசந்தான். நீங்க சொன்னாலும் சொல்லாட்டாலும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். குறை சொல்லவேண்டும் என்று அவர்கள் பேசவில்லை. ஆனால் அந்த வார்த்தை என்னைக் குத்திற்று. என் வீட்டில் எனக்காகக் கஞ்சி ஆயத்தமாயிருந்தது. அவர்கள் அடுப்பில் அன்று நெருப்பே இல்லை.

அன்றிரவு ஏசாயா 58-ஐ முழங்காலில் வாசித்தேன். தங்கள் உபவாசத்தைத் தேவன் பாராததென்ன என்று கேட்ட ஜனத்துக்கு, அவர் கொடுத்த பதில் என்ன? பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிராத உபவாசம் தமக்கு உகந்ததல்ல என்பதே! வேதாகமக் கல்லூரியில் இப்பகுதியைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் சகோதரியிடமே அதைக் கற்றுக்கொண்டேன்.

'சபை' என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் மூலமொழியில் உள்ள சொல் 'எக்லேசியா'. அழைக்கப்பட்டுக் கூடினவர்கள் என்று பொருள். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில், எபேசுவின் அரங்கசாலையில் இரண்டு மணி நேரம் கூச்சலிட்ட கூட்டத்துக்கும் இதே சொல்தான் வருகிறது. தெமேத்திரியு தன் தொழில் லாபத்துக்காகத் தட்டானவர்களைத் தூண்டிவிட்டான், ஜனமும் திரண்டது. ஆனால் எதற்காகக் கூடினோம் என்பதே அவர்களில் அநேகருக்குத் தெரியவில்லை. சொல் ஒன்று, கூட்டம் வேறு! யார் அழைத்தார், யாருக்காகக் கூடினோம் என்பதே சபையையும் அமளியையும் பிரித்துக் காட்டுகிறது. என் கூட்டமும் அன்று எதற்காகக் கூடினது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அதன்பின் எங்கள் சபையில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. ஹர்த்தால் நாளில் உபவாசமிருக்க விரும்புகிற மாதச் சம்பளக்காரர், தாங்கள் உண்ணாமல் மீதியாக்கும் அரிசியை முந்தின நாளே சபைக்குக் கொண்டுவருவார்கள். நாட்கூலிக் குடும்பங்களுக்கு அது அன்றைய ஆகாரம். பிள்ளைகள் உண்டபின்பே ஜெபம் தொடங்கும். பெரிய ஊழியம் என்று சொல்லமாட்டேன். இதையாகிலும் முன்னமே செய்திருக்கவேண்டும்.

அன்பானவர்களே, கதவை அடைப்பதைக் குறித்து நம் ஆண்டவரும் பேசினார். மத்தேயு 6:6-இல் அவர் பூட்டச் சொன்னது நம் சொந்த அறைக்கதவை, அந்தரங்கத்தில் பிதாவைத் தேடும்படியாக. ஏசாயா மூலமாகவோ, எளியவனுக்கு வீட்டைத் திறக்கச் சொன்னார். உங்கள் தெருவில் அடுத்தமுறை கடைகள் அடைக்கப்படும்போது, அன்றைய கூலியை இழந்தவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். அந்த வீட்டுக்குப் போய்வந்தபின் முழங்காலில் நில்லுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் உபவாசம் அயலானின் பசியை மறந்துவிடாதபடி எங்களை நடத்தும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.