பம்பை நிறுத்து, தம்பி

மேல்தொட்டி காலியாகி மறுபடி நிரம்பினால், குழாயில் புஸ் புஸ் என்று காற்று வந்த பிறகுதான் தண்ணீர் வரும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். திறந்த வாய் இருப்பதால் காற்று போய்விடுகிறது.

நான் வேலை பார்த்த சென்ட்ரல் ஏ.சி. பிளான்ட்டில் அப்படி இல்லை. தண்ணீர் சில்லரில் சுமார் 7 டிகிரிக்குக் குளிர்ந்து, மாடி மாடியாக ஏறி, அறைகளின் சூட்டை வாங்கிக்கொண்டு சுமார் 12 டிகிரியில் திரும்பும். அதே தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுற்றும். காற்று புகுந்தால் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த மருத்துவமனையில் உச்சி என்றால் ஆறாவது மாடி, ஆபரேஷன் தியேட்டர். ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. "ஸார், தியேட்டர் குளிரவே இல்லை. காலையில் ஏழு மணிக்கு கேஸ் இருக்கு." கீழ் மாடிகள் ஜில்லென்று இருந்தன. பம்ப் மட்டும் உள்ளே ஜல்லி உருள்வதுபோல் சத்தம் போட்டது.

ஷிஃப்ட்டில் இருந்த பையன் சுறுசுறுப்பானவன். ஸ்பானரோடு வென்ட்டைத் திறக்கக் கிளம்பிவிட்டான். "தம்பி, முதலில் மொட்டை மாடிக்குப் போய் எக்ஸ்பான்ஷன் டேங்கைப் பார்" என்றேன். காலி! பம்பின் கிளாண்டில் கசிந்து போகும் தண்ணீரை ஈடுகட்ட வேண்டிய மிதவை வால்வு சிக்கிக் கிடந்தது. டேங்க் காலியாக இருக்கும்போது உச்சியில் வென்ட்டைத் திறந்தால் காற்று வெளியே வராது, உள்ளே போகும். இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்த கதைதான்.

டேங்கை நிரப்பிவிட்டு பம்பை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னொரு பம்பையும் போட்டுத் தள்ளிவிடலாமே ஸார்?"

ஓடும் தண்ணீர் குமிழிகளைப் பொடியாக்கித் தன்னோடு இழுத்துக்கொண்டு சுற்றும். நின்ற தண்ணீரில்தான் அவை தாமாக மேலே ஏறும். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதற்குள் கீழ் மாடிகளிலும் புழுக்கம். நிர்வாக அதிகாரி இரண்டு தடவை வந்து முறைத்துவிட்டுப் போனார்.

பிறகு காயிலின் உச்சியில் வென்ட்டைக் கால் சுற்று திருப்பினேன். முதலில் சீறல், அப்புறம் துப்பித் துப்பி நுரை, கடைசியில் சீரான தண்ணீர். மூடிவிட்டு பம்பைப் போட்டோம். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மறுபடி நிறுத்தினோம். இப்படி நான்கு தடவை.

வந்த தண்ணீர் கறுப்பாக இருந்ததைப் பார்த்து, மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடலாமா என்றான் பையன். புதுத் தண்ணீர் கரைந்த காற்றோடு வரும். அதிலுள்ள ஆக்ஸிஜன் இரும்பை அரிக்கும். பழைய தண்ணீர் அதைத் தீர்த்துவிட்டுச் சாதுவாகியிருக்கும். இதை நம்ப அவனுக்குப் பல மாதங்கள் பிடித்தன.

ராத்திரி ஒன்றரை மணிக்குத் தியேட்டர் 21 டிகிரிக்கு வந்தது. மிதவை வால்வை மறுநாள் மாற்றினோம். ஏழு மணி கேஸ் யாருடையது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.