சுற்றினால் குடையாக விரியும் கவுன்... உள்ளே என்ன வைத்துத் தைப்பது?

புதுக் கவுன் போட்ட குழந்தை முதலில் கண்ணாடி பார்ப்பதில்லை. ஒரு சுற்று சுற்றித்தான் பார்க்கும். தட்டாமாலை சுற்றும்போது கீழ்ப்பகுதி குடைபோல் விரிந்தால் அது நல்ல கவுன். விரியாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சுமார்தான்!

அந்தக் குடையைத் தாங்கும் கம்பி வெளியே தெரிவதில்லை. தையல் கடைகளில் 'கேன்கேன்' என்று சொல்கிறார்களே, அந்த விறைப்பான நெட் துணிதான் இன்றைய கவுன்களின் கம்பி. அழகு அதனால்தான், அவஸ்தையும் பெரும்பாலும் அதனால்தான்.

ஆறு வயது மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கவுன் தைக்க உட்கார்ந்த ஓர் அம்மாவுக்கு இது நன்றாகவே தெரியும். போன வருடம் வாங்கிய ரெடிமேட் கவுனில் மகள் போட்டோவுக்கு இளவரசியாக நின்றாள். அரை மணி நேரத்தில் இடுப்பைச் சொறிய ஆரம்பித்தாள். கேக் வெட்டுவதற்குள் அழுகை. இரவு கழற்றிப் பார்த்தால், இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. அதனால் இந்த வருடம் மகள் நிறம்கூடச் சொல்லவில்லை. "குத்தாத கவுன் வேணும்மா" என்பதோடு சரி.

வட்டத்துக்குள் ஒரு கணக்கு

முழு வட்டமாக வெட்டும் அம்ப்ரெல்லா பாவாடையைப் பார்த்தால் பயமாக இருக்கும். கணக்கு என்னவோ பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இடுப்புச் சுற்றளவை 6.28-ஆல் வகுத்தால் நடுவே வெட்ட வேண்டிய வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 22 இன்ச் இடுப்பு என்றால் மூன்றரை இன்ச். தையலுக்கு அரை இன்ச் விட்டு, மூன்று இன்ச்சில் வெட்டலாம். பாவாடை உயரம் 18 இன்ச், கீழே மடித்து அடிக்க அரை இன்ச். மூன்றரையுடன் சேர்த்தால் வெளி வட்டத்தின் ஆரம் 22 இன்ச். அதாவது 44 இன்ச் அகலத் துணியில் ஒரு சதுரம் போதும், கச்சிதமாக அடங்கிவிடும். தைத்து முடித்ததும் கீழ் ஓரம் சுமார் 135 இன்ச், கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் நீளத்துக்குச் சுற்றி வரும்!

இந்த வட்டத்தின் அருமையை அமெரிக்கப் பாடகி ஜூலி லின் சார்லட் 1947-ல் கண்டுகொண்டார். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் புது உடை வேண்டும், தைக்கவோ தெரியாது. பிசிறு வராத ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, நடுவே ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 50-களில் அமெரிக்கப் பெண்கள் கொண்டாடிய 'பூடில் ஸ்கர்ட்'.

ஃபெல்ட் தடிமனான துணி, தானே கொஞ்சம் நிற்கும். காட்டனும் கிரேப்பும் அப்படி நிற்காது. உள்ளே ஆதரவு இல்லையென்றால் நனைந்த குடைபோலத் தொங்கிவிடும்.

குதிரை முடியும் எஃகு வளையமும்

இந்த ஆதரவைத் தேடித்தான் ஐரோப்பியப் பெண்கள் 19-ம் நூற்றாண்டில் படாதபாடு பட்டார்கள். 'கிரினோலின்' என்ற பெயரிலேயே அந்தக் கதை இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் 'க்ரேன்' என்றால் குதிரை முடி, 'லேன்' என்றால் லினன் நூல். இரண்டும் கலந்து நெய்த விறைப்பான உள்பாவாடைதான் முதல் கிரினோலின். அதற்கு மேல் கஞ்சி போட்ட உள்பாவாடைகள் அடுக்கடுக்காக. ஐந்தாறு பாவாடைகளின் கனத்தை இடுப்பில் சுமந்துகொண்டு நடந்தார்கள்.

1856-ல் எஃகு வளையங்களை நாடாவில் கோத்த கூண்டு வந்தது. ஆறு பாவாடைகள் செய்த வேலையை ஒரே கூண்டு செய்தது. இடுப்புப் பாரம் குறைந்தது, கால்கள் தாராளமாக அசைந்தன. பெண்கள் அதை விரும்பியதில் ஆச்சர்யமே இல்லை.

ஆனால், அதற்கு ஒரு கொடூரமான விலை இருந்தது. பாவாடையின் விளிம்பு எங்கே உரசுகிறது என்று போட்டிருப்பவருக்கே தெரியாது. வீட்டுக்கு வீடு திறந்த கணப்பு, மெழுகுவத்தி. மெல்லிய மஸ்லின் துணி, உள்ளே நிறையக் காற்று. ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். உடனே கழற்றி எறியவும் வழியில்லை. எழுத்தாளர் ஆஸ்கர் ஒயில்டின் தந்தைக்குப் பிறந்த இரண்டு சகோதரிகள் 1871-ல் அயர்லாந்தில் இப்படித்தான் இறந்தார்கள். விருந்தில் ஒருவரின் கவுனில் தீப்பற்றியது. காப்பாற்ற ஓடிய மற்றவரின் கவுனும் பற்றிக்கொண்டது.

1863 டிசம்பர் 8 அன்று சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் ஒரு தேவாலயம் தீப்பிடித்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள். அவர்கள் அணிந்திருந்த அகன்ற பாவாடைகளே வெளியேறுவதைக் கடினமாக்கின.

மறுபடி வந்த அகலம்

1860-களின் கடைசியில் கூண்டின் மோகம் அடங்கியது. அகலப் பாவாடை பெரிய அளவில் திரும்பியது 1947 பிப்ரவரி 12-ல். பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பை அறிமுகம் செய்தார். இரண்டாம் உலகப் போர்க் காலம் முழுக்கத் துணியை அளந்து அளந்து உடுத்தியவர்கள் முன்னால், மீட்டர் மீட்டராகத் துணி விழுங்கும் பாவாடைகள்! பிரிட்டனில் அப்போதும் துணிக்கு ரேஷன். 1949 வரை அது நீடித்தது. திட்டியவர்கள் உண்டு, ஏங்கியவர்கள் அதைவிட அதிகம்.

இந்த முறை உள்ளே எஃகுக்குப் பதிலாகப் பெரும்பாலும் நைலான் நெட். அது துவண்டால், சர்க்கரைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்து விறைப்பாக்கினார்கள் 50-களின் பெண்கள். நம்மூரில் செய்தால் கவுனைவிட எறும்பு வரிசைதான் அழகாக இருக்கும்!

முதலில் உள்ளே, பிறகு வெளியே

பலரும் கவுனைத் தைத்து முடித்த பிறகுதான் உள்ளே என்ன வைப்பது என்று யோசிக்கிறார்கள். அந்த அம்மா வரிசையை மாற்றினார். முதலில் உள்பாவாடை. அதுவும் கவுனோடு சேர்த்துத் தைக்காமல், தனியாக.

இடுப்பிலிருந்து ஐந்து இன்ச் வரை மென்மையான காட்டன் பட்டி, மேலே எலாஸ்டிக். நெட் அதற்குக் கீழேதான் ஆரம்பம். இப்படித் தைத்தால் இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் உப்பாது, குத்தவும் குத்தாது. பட்டியின் கீழ்ச்சுற்று 26 இன்ச். முதல் அடுக்கு நெட்டை 52 இன்ச் எடுத்துச் சுருக்கி அதில் இணைத்தார். இரண்டாம் அடுக்கு 104 இன்ச். ஒவ்வோர் அடுக்கும் ஆறு இன்ச் உயரம். மொத்தம் 17 இன்ச், கவுனைவிட ஒரு இன்ச் குறைவு. நெட் எட்டிப் பார்க்காது.

தோலில் படும் பக்கம் முழுக்க காட்டன் லைனிங். நெட்டின் சுருக்குத் தையல்கள் பட்டைத் துணிக்குள் மறைந்தன. குத்துவது பெரும்பாலும் இந்தத் தையல் ஓரங்கள்தான்.

கவுனின் கீழ் ஓரத்தை அவர் உடனே மடித்து அடிக்கவில்லை. ஒருநாள் முழுக்கக் கொடியில் தொங்கவிட்டார். வட்டமாக வெட்டிய துணியில் குறுக்காக வரும் இடங்கள் மட்டும் இழுபட்டுக் கீழே இறங்கும். அவசரப்பட்டு அடித்தால் ஓரம் ஏறி இறங்கித் தெரியும். மறுநாள் மகளுக்கு உள்பாவாடையோடு போட்டுப் பார்த்து, ஓரத்தைச் சமமாக வெட்டி அடித்தார்.

வளையம் வைத்தால் இன்னும் நிற்குமே என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். தரை தொடும் மணமகள் கவுனுக்கு அது சரி. ஓடி, உட்கார்ந்து, சம்மணமிட்டுச் சாப்பிடும் குழந்தைக்கு ஒத்துவராது. வளையத்தோடு உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

கழற்ற முடிகிறதா?

கேக்கில் மெழுகுவத்தி, பூஜையறையில் குத்துவிளக்கு, தீபாவளிக்கு மத்தாப்பு. தீ இன்றும் நம் கொண்டாட்டங்களின் நடுவில்தான் இருக்கிறது. நைலான், பாலியஸ்டர் நெட் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய காட்டனும் வேகமாக எரியக்கூடியதுதான். அதனால் விளக்கேற்றும்போதும் பட்டாசு வெடிக்கும்போதும் விரிந்த கவுன் வேண்டவே வேண்டாம். ஒருவேளை பற்றிக்கொண்டால், ஓடவிடாமல் தரையில் படுக்கவைத்து உருட்ட வேண்டும். தீ அணைந்ததும் 20 நிமிடங்கள் குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் ஓடவிட்டு, மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது.

உள்பாவாடையைத் தனியாகத் தைத்ததில் லாபங்கள் பல. தனியாகத் துவைக்கலாம், வேறு கவுனுக்கும் போடலாம். ஆனால், அந்த அம்மாவுக்கு முக்கியம் வேறு. தைத்து முடித்ததும் மகளிடம் கொடுத்து, "நீயே போடு, நீயே கழட்டு" என்று நான்கு முறை செய்யச் சொன்னார். நான்காவது முறை, எலாஸ்டிக்கைக் கீழே தள்ளிவிட்டு நெட் குவியலுக்கு நடுவிலிருந்து வெளியே வர அவளுக்கு மூன்று நொடிகூட ஆகவில்லை.

போட்டோ எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வெறும் காட்டன் கவுனோடு அவள் ஓடி விளையாடலாம். அம்மாவைக் கேட்க வேண்டியதில்லை. அழ வேண்டியதும் இல்லை.