அம்மாயியின் முதல் ஜட்டி

எங்க அம்மாயி முதன்முதலாக ஜட்டி போட்டபோது அவருக்கு 81 வயது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஆனால் கட்டிலை விட்டு எழுந்து பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் சிறுநீர் கசிந்துவிடும். பெரியவர்கள் போடும் டயப்பர் வாங்கி வந்தேன். சித்திரை வெயிலில் இரண்டே நாளில் தொடையெல்லாம் தடித்துச் சிவந்துபோனது. பகலில் பேடு வைத்தாலே போதும் என்று நர்ஸ் சொன்னார். பேடு வைக்க ஜட்டி வேண்டும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஏங்கண்ணு, இந்த வயசுல என்னையக் கோமணம் கட்டச் சொல்றியா?"

"கோமணம் இல்லீங்க அம்மாயி. ஜட்டி. எல்லாரும் போடறதுதான்."

"எல்லாரும்னா ஆரு? நாம் போட்டனா? எங்க ஆத்தா போட்டாளா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஐந்து பிள்ளை பெற்று, நாற்பது வருடம் காட்டில் களையெடுத்து, பருத்தி பொறுக்கிய உடம்பு அது. ஒரு ஜட்டிகூட இல்லாமல் ஒரு முழு ஆயுள். இத்தனைக்கும் எங்கள் ஊரிலிருந்து திருப்பூர் 20 கிலோமீட்டர்தான். உலகத்துக்கே ஜட்டியும் பனியனும் தைத்து அனுப்பும் ஊர். அம்மாயியின் மகள், அதாவது என் அம்மா, 22 வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர்.

"அப்பெல்லாம் அந்த மூணு நாளு என்னதாங்க பண்ணுவீங்க?" என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். முப்பது வயது தாண்டிவிட்டது, ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றியதில்லை.

பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து மடித்துக்கொள்வார்களாம். இடுப்பில் ஒரு கயிறு. துணியின் ஒரு முனையை முன்னால் கயிற்றில் செருகி, கால் இடுக்கு வழியாகக் கொண்டுபோய்ப் பின்னால் செருக வேண்டும். கோவணம் கட்டுகிற அதே முறைதான். ஜட்டியைப் பார்த்ததும் கோமணம் என்று அவர் சொன்னது கிண்டலுக்கு இல்லை என்று அப்போது புரிந்தது. கோமணம் என்றால் அவருக்குத் தீட்டுத்துணி. மூன்று நாள் துணி. சும்மா இருக்கும் நாளில் அதை எதற்குக் கட்ட வேண்டும்?

"துணியக்கூடப் பொறுத்துக்கலாங் கண்ணு. ஒணத்தறதுதான் கொடுமை" என்றார். விடியறதுக்கு முன்னால் வாய்க்காலில் அலசி, தட்டுப்போருக்குப் பின்னால், அதுவும் இன்னொரு துணிக்கு அடியில் போட வேண்டும். ஆண்கள் கண்ணில் பட்டால் ஆகாது. மாடு மிதித்தால் ஆகாது. மழைக்காலத்தில் பாதி ஈரத்தோடு எடுத்துக் கட்டுவது. காய்ந்தாலும் விறைத்துப்போய்த் தொடையை அறுக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஜட்டி எப்போது வந்தது? பேடு எப்போது வந்தது? எது முதலில்?

எனக்கு இருந்த நினைப்பெல்லாம், வெள்ளைக்காரப் பெண்கள் எப்போதுமே உள்ளே போட்டிருப்பார்கள், நாம்தான் தாமதம் என்பது. அப்படியெல்லாம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பியப் பெண்கள் பாவாடைகளுக்கு உள்ளே போட்ட 'டிராயர்ஸ்' இரண்டு தனிக் கால்கள். இடுப்புப் பட்டியில் மட்டும்தான் இரண்டும் சேரும். நடுவில் தையலே கிடையாது, திறந்தே இருக்கும். அடுக்கடுக்காகப் பாவாடை கட்டியவர்கள் சிறுநீர் கழிக்க அதுதான் தோது. நடுவில் மூடித் தைத்த உள்ளாடை பெரும்பாலான பெண்களுக்கு வந்து சேர 20ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

படித்ததும் அம்மாயி காட்டு வரப்பில் சேலையைக் கொஞ்சமாக விலக்கிக்கொண்டு நிற்பது ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நான் அதைப் பார்த்துக் கூச்சப்பட்டிருக்கிறேன். சுற்றிலும் ஆட்கள் வேலை செய்யும் இடத்தில், கதவு என்று ஒன்று இல்லாத இடத்தில், உள்ளே ஒன்றும் போடாமல் இருப்பதுதான் மறைவு. ஜட்டியைக் கழற்றி மாட்ட நாலு சுவர் வேண்டும். எங்கள் வீட்டில் கழிப்பறை கட்டியது நான் ஆறாவது படிக்கும்போது.

பேடின் கதை இன்னொரு திசையிலிருந்து வருகிறது. முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சு போதவில்லை. கிம்பர்லி கிளார்க் என்ற அமெரிக்கக் காகித நிறுவனம் மரக்கூழிலிருந்து 'செல்லுகாட்டன்' என்று ஒன்றைச் செய்தது. பஞ்சைவிட நன்றாக உறிஞ்சியது, விலையும் குறைவு. போர்முனை ஆஸ்பத்திரிகளில் இருந்த நர்ஸ்கள் அதைத் தங்கள் மாதவிலக்குக்கும் எடுத்துவைத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் கையிருப்பை என்ன செய்வது என்று யோசித்த கம்பெனி 1920இல் அதையே 'கோடெக்ஸ்' என்று விற்க ஆரம்பித்தது. கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டார்கள் என்பதால், மேசைமேல் பெட்டியை அடுக்கிவைத்து, காசைப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துப்போகும்படி ஏற்பாடு செய்தார்களாம். எங்க ஊர் மளிகைக் கடையில் செய்தித்தாள் சுற்றிக் கருப்புக் கவரில் போட்டுத் தருவதற்குக் கிட்டத்தட்ட நூறு வயதில் ஒரு அக்கா!

ஆனால் அந்தப் பேடில் பசை கிடையாது. அப்படியே வைத்தால் நிற்காது. இடுப்பில் எலாஸ்டிக் பெல்ட் மாட்டி, முன்னும் பின்னும் கொக்கியில் பேடின் வால்களைக் கோக்க வேண்டும். அம்மாயியின் கயிறேதான், கொஞ்சம் விலை கூடிய கயிறு. மேரி கென்னர் என்ற கறுப்பினப் பெண் நகராத மாதிரி நல்ல பெல்ட் ஒன்றை வடிவமைத்து 1950களில் காப்புரிமை வாங்கினார். விருப்பம் காட்டிய கம்பெனி, அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டது.

பெல்ட்டை ஒழித்தது பசை. 1970 வாக்கில், அடியில் பசை தடவிய பேடுகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. காகிதத்தை உரித்து ஒட்டினால் போதும். எதில் ஒட்டுவது? ஜட்டியில். அதுவும் தொளதொளவென்று இல்லாமல், உடம்போடு பிடித்து நிற்கிற ஜட்டியில். நான் படித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். பேடு என்று நாம் சொல்வது பாதிப் பொருள். மீதிப் பாதி ஜட்டி. பேடுக்கு விளம்பரம் வந்தது, சினிமா வந்தது, அரசுத் திட்டம் வந்தது. மீதிப் பாதி எல்லார் வீட்டிலும் தானாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு அது தானாக வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. அம்மா 17 வயதில் பனியன் கம்பெனிக்குப் போனார். அவர் போட்ட முதல் ஜட்டி கம்பெனியிலிருந்து வந்த செகண்ட்ஸ். தையல் ஒதுங்கியது, சாயம் திட்டுத்திட்டாக ஏறியது, எலாஸ்டிக் இழுவை சரியில்லாதது. எங்கோ ஒரு நாட்டுப் பெண்ணின் அளவுக்குத் தைத்து, அவளுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கியதைத்தான் நாங்கள் இரண்டு தலைமுறையாகப் போட்டோம். ஒன்றரை ஷிப்ட் நின்றபடியே ஜட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார் அம்மா. பாத்ரூம் போக சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். வலி என்றால் பெயர் தெரியாத ஒரு மாத்திரை தருவார்கள். தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரை தருவதைப் பற்றி 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தி வெளியிட்டபோது, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இதென்ன புதுசா?" என்றார்.

2004. நான் எட்டாவது. விளையாட்டு விழாவுக்கு டிரில் ஒத்திகை. கையைத் தூக்கி, காலை அகட்டிக் குதிக்க வேண்டும். எனக்கு இரண்டாம் நாள். பேடு நல்ல பேடுதான், அம்மா ஓவர்டைம் காசில் வாங்கியது. ஜட்டி செகண்ட்ஸ், எலாஸ்டிக் விட்டுப்போனது. ஏழாவது எட்டாவது குதியில் பேடு நழுவி, பாவாடைக்குள்ளிருந்து மண்ணில் விழுந்தது. பின்வரிசையில் பையன்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற தோழி என்ன நினைத்தாளோ, "தலை சுத்துது சார்" என்று சொல்லிக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். அவளுடைய பாவாடையும் கறையானது. அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் ஒன்றும் பேசாமல் நடந்தோம். அவளுக்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை.

பல வருடம் எனக்கு அதில் என்மேல்தான் கோபம். ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை, மூன்று நாள் அடங்கி உட்காரத் தெரியவில்லை. எலாஸ்டிக்மேல் கோபப்படலாம் என்று தோன்றவே இல்லை.

கோவை முருகானந்தம் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனைவி மறைத்து எடுத்துப்போன கந்தலைப் பார்த்துவிட்டு, மலிவாகப் பேடு செய்யக் கிளம்பியவர். கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை ஊற்றித் தன் உடம்பில் கட்டிக்கொண்டு சோதித்தவர். வெறும் பஞ்சால் வேலை ஆகாது, மரக்கூழ் வேண்டும் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு நீண்ட காலம் ஆனது. போர்முனை நர்ஸ்களின் கையில் இருந்த அதே சரக்கு. அப்புறம் 2012 வாக்கில் தமிழக அரசின் 'புது யுகம்' திட்டம் வந்தது. கிராமங்களில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச நாப்கின். நல்ல திட்டம். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 15-24 வயதுப் பெண்களிடம் துணியா, நாப்கினா, டாம்பானா, கப்பா என்று கேட்கிறது. 2019-21 கணக்கெடுப்பில் நாப்கின் என்றவர்கள் 64 விழுக்காடு, துணி என்றவர்கள் 50. இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பவர்கள் இருப்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். உன்னிடம் எத்தனை ஜட்டி இருக்கிறது, அதை எங்கே காயப்போடுகிறாய் என்ற கேள்வி அதில் இல்லை.

எனக்கும் கேட்கத் தோன்றியிருக்காது. நான் இப்போது ஒரு அரசுப் பள்ளியில் டீச்சர். அம்மாயி விழுந்த அதே வருடம் ஐப்பசியில், நாலு நாள் விடாத மழை. ஒன்பதாவது படிக்கும் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகணும் என்று வந்து நின்றாள்.

"பேடு வேணுமா சாமி? பீரோவுல இருக்குது."

"பேடு இருக்குதுங் மிஸ்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "ஜட்டி காயலீங் மிஸ்."

இரண்டே இரண்டு. அப்பாவும் அண்ணனும் இருக்கும் ஒற்றை அறை வீடு, அதனால் கட்டிலுக்கு அடியில் காயப்போடுவது. அன்று போட்டு வந்ததும் ஈரம். ஈரத்தில் பசை ஒட்டவில்லை. சீருடை, செருப்பு, புத்தகப் பை எல்லாம் இலவசமாக வருகிற பள்ளி எங்களுடையது. பேடும் வருகிறது. அவளுக்கு இல்லாமல் போனது ஒரு காய்ந்த ஜட்டி.

சனிக்கிழமை திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய் மூன்று சைஸில் இரண்டு டஜன் வாங்கினேன். ஒவ்வொன்றாக எலாஸ்டிக்கை இழுத்து இழுத்துப் பார்த்ததில் கடைக்காரர், "செக்கிங்ல இருந்தீங்களா?" என்றார். பள்ளி பீரோவில் பேடுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தேன். தீரத் தீர வாங்கிவைக்கிறேன். இதைச் சாதனை மாதிரி சொல்ல வெட்கமாக இருக்கிறது, இரண்டு டஜன் ஜட்டி.

அம்மாயிக்கும் அன்றைக்கு ஆறு வாங்கினேன். அதுவரை என்னுடைய பழையதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தோம். முதல் வாரம் திட்டிக்கொண்டே காலைத் தூக்கியவர், அப்புறம் அவரே கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்திருந்தார். சேலை நனையாமல் வாசத் திண்ணையில் உட்கார முடிகிறது, வருகிற போகிறவர்களிடம் பேச முடிகிறது. அவருக்கு அது போதும்.

இப்போது தன்னுடையதைத் தானே துவைக்கிறார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, முன்வாசல் கொடியில், தெருவைப் பார்த்தாற்போல ஆறையும் வரிசையாகக் காயப்போடுகிறார். முதல்நாள் அதைப் பார்த்த அம்மா பதறிப்போய் ஒரு துண்டை எடுத்து மேலே போட்டு மூடினார். இத்தனை வருடம் லட்சக்கணக்கான ஜட்டிகளை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தவர், தன்னுடையதை இன்னும் பாத்ரூம் கதவுக்குப் பின்னால்தான் போடுகிறார்.

அம்மாயி துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"உடு புள்ள. வெயில் படட்டும்."