காட்டைக் காக்கும் கைகள்

செஞ்சியை அடுத்த தளவானூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைந்து உருவாக்கிய சத்துருமல்லேசுவராலயம் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. கல்லில் அமைந்த அக்கோயிலைக் காக்க ஒரு வேலியும் ஒரு காவலரும் போதும். காட்டின் நிலை வேறு. அது வளரும், தேயும், அதன் விளிம்பில் வாழ்வோரின் அடுப்பும் தொழிலும் அதனோடு பின்னிக் கிடக்கும். அம்மக்களைப் பகைத்துக்கொண்டு வேலியால் மட்டும் காட்டைக் காத்தல் அரிது. காடு காண வருவோர் தரும் பணம் அவர்களைச் சென்றடைந்தால் காடு பிழைக்குமா?

இவ்வினாவிற்கு விடை தேடிய இடங்களுள் ஒன்று பெரியாறு புலிகள் காப்பகம். தேனி, மதுரை வயல்களுக்கு 1895 முதல் நீர் வழங்கிவரும் முல்லைப்பெரியாறு அணையின் நீர்த்தேக்கம் இக்காட்டின் நடுவே உள்ளது. குமுளிப் பகுதியில் சிலர் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தனர். மரம் நிற்கும் இடமும் விலங்கு நடக்கும் தடமும் அவர்களுக்கு மனப்பாடம். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோரைச் சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரட்டி, பயணிகளுக்கு வழிகாட்டும் பணியை அளித்தது. சிறு குழுக்களாகப் பயணிகளை அழைத்துச் சென்று, இரவில் காட்டிலேயே கூடாரமிட்டுத் தங்குவர். அந்நடையே காட்டைக் கண்காணிக்கும் சுற்றுக்காவலாகவும் ஆயிற்று. திருட்டுக்குத் துணைநின்ற அறிவு காவலுக்குத் துணையாயிற்று. 2002 முதல் 'வசந்தசேனை' என்னும் மகளிர் குழுவினரும் ஊதியமின்றி முறைவைத்துச் சந்தன மரங்களைக் காத்து வருகின்றனர்.

ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டிலுள்ள புவிண்டி மழைக்காட்டிலும் இவ்வழி கையாளப்பட்டது. அங்கு ஒரு மலைக் கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே, ஒரு மணிநேரம் மட்டுமே காணலாம். மனிதரின் சளியும் இருமலும் கொரில்லாவின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், நோயுற்றோர்க்கு அனுமதியில்லை. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு அண்டை ஊர்களுக்குரியது. உலகில் மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. 2018இல், அழிவின் விளிம்பிலுள்ளவை என்னும் பட்டியலிலிருந்து அவை ஒருபடி மீண்டன.

எனினும் அவ்வெற்றிக்கு ஒரு விலை உண்டு. 1991இல் புவிண்டி தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். நிலமற்றோராய்க் காட்டின் ஓரத்தில் நின்ற அவர்களுக்குக் கொரில்லாக்களின் மீட்சி எவ்வாறு இனிக்கும்?

காடு காணச் செல்வோர் விலங்குகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. முன்னே வழிகாட்டி நடப்பவர் அக்காட்டில் உரிமையுடையவரா, அன்றி அக்காட்டை இழந்தவரா என்றும் கேட்டறிதல் வேண்டும். அக்காட்டின் நாளை அவ்விடையில் இருக்கிறது.