அப்பா ஏன் கறுத்துப் போனார்?

போன தை மாசம் அப்பாவுக்குத் தலைதிவசம். கூடத்தில் மாட்ட நல்லதாக ஒரு போட்டோ இல்லை. அக்கா கல்யாணத்தில் என் செல்போனில் எடுத்த ஒரே ஒரு படம்தான் இருந்தது. மயில்கழுத்துக் கலர் சட்டை, முகம் கொள்ளாத சிரிப்பு. செல்லில் பார்த்தால் ஆளே எதிரில் நிற்பது போல இருக்கும்.

டவுனில் ஒரு கலர் லேபில் கொடுத்து 12-க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு வந்தேன். அம்மா முகம் வாடிவிட்டது.

"என்னடா, மனுசன இப்படிக் கருக்கி வச்சிருக்கான்?"

அவ்வளவுதான்! மறுநாளே சண்டைக்குப் போனேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறோம் என்ற திமிர் வேறு. லேப்காரர் கோபப்படவில்லை. "செல்ல இப்படிக் குடுங்க தம்பி" என்று வாங்கி, பிரைட்னஸைக் கால்வாசிக்கு இறக்கி, பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ரெண்டு அப்பாவும் ஏறக்குறைய ஒரே நிறம்! அடுத்து பிரிண்ட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சட்டென்று அப்பா முகம் தெளிந்தது.

"செல்லு சூரியன் தம்பி, சொந்த வெளிச்சம். பேப்பர் நிலா. வாங்கித்தான் குடுக்கணும்."

நாலு செமஸ்டர் படித்தும் எனக்கு உறைக்காத விஷயம். திரை சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகளைக் கூட்டுகிறது. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. பேப்பரில் இருப்பதோ சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்கள். ஒவ்வொன்றும் விழுகிற ஒளியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அங்கே கூட்டல், இங்கே கழித்தல்! மயில்கழுத்து மாதிரி பளிச்சென்ற நீலப்பச்சையைச் சாயத்தால் முழுசாக எட்ட முடியாது.

அதோடு, 1996-ல் முன்வைக்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. முறை, திரையின் வெள்ளைக்குச் சதுர மீட்டருக்கு 80 கேண்டெலா என்றே கணக்கு வைத்தது. இன்றைய செல்போன்கள் 500-ஐச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. அந்தப் பளபளப்புக்குப் பழகின கண்ணுக்கு எந்தப் பேப்பரும் மங்கல்தான்.

லேப்காரர் முகத்தின் இடைப்பட்ட நிழல்களை மட்டும் கொஞ்சம் தூக்கி, முதலில் 4-க்கு 6-ல் ஒரு சாம்பிள் போட்டுக் காட்டினார். பிறகுதான் பெரிசு. "இருட்டு மூலையில மாட்டாதீங்க, நேர் வெயிலும் படக்கூடாது, சாயம் வெளுத்துரும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். காலையில் காபியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"இப்பதான்டா உங்கப்பா சிரிக்கிறாரு."

இந்த மலரில் தங்கள் குரூப் போட்டோவைப் பார்த்து மலர்க்குழுவைத் திட்டப்போகும் நண்பர்களே! ஒரு நிமிடம். முதலில் ஜன்னல் பக்கம் போய் நின்று பாருங்கள்.

- மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை