சாரதி நித்திரை கொண்டாரா?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளை வருகிறது என்றால், யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் நடப்பது வான் பேசுவதுதான். வாடகை எவ்வளவு, ஏசி வேலை செய்யுமா, எத்தனை பேர் போகலாம் என்றெல்லாம் விசாரிப்போம். சாரதி கடைசியாக எப்போது நித்திரை கொண்டார் என்று மட்டும் கேட்க மாட்டோம். இளையவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது அந்த ஒரு கேள்வியைத்தான்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேல். புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று வந்துசேர ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். காலையில் இங்கிருந்து போன சாரதி, நள்ளிரவில் இறங்கும் பிள்ளையை ஏற்றிக்கொண்டு உடனே திரும்பினால், ஒரே மூச்சில் 700 கிலோமீற்றர் ஓடுகிறார். விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எந்த உடம்பும் தூக்கம் கேட்கும். அதை விரட்டச் சாரதி பாட்டைச் சத்தமாக வைப்பார், கண்ணாடியை இறக்குவார், பிடரியைத் தடவுவார். இதைக் கண்டதும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "தம்பி, வெளிச்சமான இடமாப் பார்த்து நிப்பாட்டுங்கோ, கொஞ்சம் கண்ணயர்ந்திட்டுப் போவம்." பிளேன்ரீ நித்திரைக்கு ஈடாகாது.

தனியாக வருபவருக்கு முழு வான் தேவையில்லை. 187ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அன்றிரவு வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் ரயிலிலோ பஸ்ஸிலோ ஊருக்கு வரலாம். ஆசனத்தை முன்னரே பதிந்து வைத்தால் அலைச்சல் இல்லை. டாக்ஸிதான் வேண்டுமென்றால், வாசலில் பெட்டியைப் பிடித்து இழுப்பவரை விட்டு, வருகை மண்டபத்துக்குள் இருக்கும் கருமபீடத்தில் கட்டணம் கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாகன இலக்கத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.

சென்னை, திருச்சி வழியாக வரக்கூடியவர்களுக்குப் பலாலி இருக்கிறது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் சேவை தொடங்கிய இடம். அங்கிருந்து பட்டணம் இருபது கிலோமீற்றருக்குள்தான். ஓட்டோ என்றாலும் கார் என்றாலும் ஏறுமுன் கூலியைப் பேசி முடியுங்கள்.

இன்னுமொன்று. கூட்டிவர ஆறேழு பேர் கட்டுநாயக்கவுக்குப் போவதால்தான் பெரிய வானும் பெரிய வாடகையும் வருகின்றன. ஒருவர் போனால் போதும். மற்றவர்கள் வீட்டுப் படலையில் நின்று வரவேற்கட்டும். மிஞ்சும் காசில் சாரதிக்கு நீர்கொழும்பில் ஓர் இரவு அறை எடுத்துக் கொடுத்து, விடிந்த பிறகு புறப்படுங்கள்.