பத்தடி உயரமும் ஒரு வால்வும்

ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் எனக்கு 82 மார்க். பெருமைக்காகச் சொல்லவில்லை. விஷயம் என்னவென்று மேலே படியுங்கள்.

போன லீவில் டிரெயினிங்குக்காக ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் அண்ணனோடு சுற்றினேன். ஒரு நாள் மாடி வீடு ஒன்றில் வேலை. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். கதவிலேயே ஒரு மாடம். அதில் டம்ளரை வைத்து அழுத்தினால் ஜில்லென்று தண்ணீர். பட்டனை மாற்றினால் ஐஸ் கட்டி. நம் வீட்டு மண்பானைக்கு இந்த வசதி கிடையாது!

டம்ளர் தள்ளுகிற நெம்புகோலுக்குப் பின்னால் ஒரு மைக்ரோ சுவிட்ச். அது சோலனாய்டு வால்வுக்குக் கரண்ட் விட, கால் அங்குல பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் வருகிறது. ஐஸ் கதை கொஞ்சம் நீளம். தட்டில் தண்ணீர் நிரம்பி உறைந்ததும் ஒரு மோட்டார் தட்டைத் திருப்பிக் கட்டிகளைத் தொட்டியில் கொட்டும். தொட்டிக்குள் சுழலும் திருகு அவற்றை நம் டம்ளருக்குத் தள்ளும். கதவு திறந்திருந்தால் எதுவும் ஓடாது.

அந்த வீட்டில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. ஐஸ் வரவேயில்லை. தட்டுக்குப் போகும் குழாயைப் பார்த்தேன். உள்ளே ஐஸ் அடைத்திருந்தது. வால்வு சரியாக மூடாமல் சொட்டுகிறது, சொட்டியது உறைகிறது... கண்டுபிடித்துவிட்டேன்! அண்ணன் டூல்ஸ் எடுக்கக் கீழே போயிருந்தார். நான் சும்மா இருந்தேனா? "வால்வு போயிடுச்சும்மா, மாத்தணும்" என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன் வந்ததும் அந்த அம்மா, "தம்பி பாத்துட்டாரு, வால்வையே மாத்திடுங்க" என்றார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் புது வால்வு மாட்டினோம். 1,800 ரூபாய்.

நாலாம் நாள் மறுபடி ஃபோன். மறுபடி அதே நூல், அதே அடைப்பு.

இந்தத் தடவை அண்ணன் சுவர்ப்பக்கத்து டியூபைக் கழற்றி கேஜ் மாட்டினார். முள் 4 பிஎஸ்ஐயைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. மெஷினோடு வந்த புத்தகத்தில் குறைந்தபட்சம் 20 என்று போட்டிருந்தது.

"மேல இருக்கிற டேங்க் எவ்வளவு உசரம்டா இருக்கும்?"

"பத்தடி இருக்கும்ண்ணே."

"அப்ப கணக்கு போடு."

ஓர் அடி தண்ணீருக்கு 0.433 பிஎஸ்ஐ. பத்தடிக்கு 4.33. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய அதே கணக்கு! இந்த வகை வால்வை இறுக மூடி வைப்பதே உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தம்தான். அது போதாவிட்டால் புது வால்வும் சொட்டத்தான் செய்யும். சொட்டியது.

சின்ன பூஸ்டர் பம்ப் ஒன்று வைத்ததும் டம்ளர் மளமளவென்று நிரம்பியது. பம்புக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். வால்வுக்கு வாங்கிய 1,800 ரூபாயை அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். "நாங்க அவசரப்பட்டுட்டோம்மா" என்றார். 'நாங்க' என்றாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வழியில் டீ வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய வால்வைக் கேட்டு வாங்கி வந்தேன். ஹாஸ்டல் மேஜையில் இருக்கிறது. ஒரு கோளாறும் இல்லை. அண்ணனிடம் இதுவரை 300 ரூபாய் கொடுத்திருக்கிறேன். வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். இன்னும் 1,500 பாக்கி.